பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை: பெற்றோரின் மனச்சுமையை அளக்க எந்தக் கேள்வித்தாள்?

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் 15 வயது மகனின் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார். அவர் மனசு என்ன பாடுபடுகிறது என்பதை எதை வைத்து அளப்பது?

பிஎச்க்யூ-9 மனச்சோர்வுக்கான பொதுவான தாள். கடந்த 2 வாரம் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் அதிகபட்சம் 27. சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் தூக்கம் கெட்டதற்குக் காரணம் மனச்சோர்வா, அந்த அலாரமா என்பது அதற்குத் தெரியாது.

பதின்வயதினரின் பெற்றோருக்கான பெய்ட் (PAID, சர்க்கரை நோயால் வரும் மனச்சுமையை அளப்பது) தாள் வேறு மாதிரி. 26 கேள்விகளும் சர்க்கரையோடு வாழ்வதைச் சுற்றியே. கல்யாணப் பந்தியில் பையன் கந்தரப்பத்தில் கை வைத்ததும், "ஐயோ, குடுக்காதே!" என்று ஆச்சிமார் கூடிவிடுவார்கள். மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போட்டால் சாப்பிடலாம் என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? "ஊசி போட்டியா?" என்று கேட்டாலே பையன் கதவைச் சாத்துகிறான். இந்த மாதிரிக் களைப்பைப் பிடிப்பது இந்தத் தாள்தான். வழக்கமான செக்கப்புக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

ஒன்று மட்டும். பிஎச்க்யூ-9இன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா என்பது. முகம் வாடி வரும் அம்மாவிடம் அதைக் கேட்காமல் விடக்கூடாது. அப்புறம், சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவுக்கும் தனித் தாள் கொடுங்கள். அவருக்கும் சேர்த்து அம்மாவே நிரப்ப வேண்டாம்.