நாலு வருஷம் ஒரு பென் டேப்லெட்டோடு: வாங்கலாமா என்று கேட்டவளுக்கு

போன சனிக்கிழமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 350 ரூபாய் கொடுத்து என் பென் டேப்லெட்டின் யூஎஸ்பி போர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். லேப்டாப்போடு வயரில் இணைத்து, லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டே பேனாவால் வரைகிற பலகைதான் இந்த டேப்லெட். திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு பெண், "அக்கா, நீங்க வெச்சிருக்கிற அதே டேப்லெட் ஆஃபர்ல 3,900க்கு வருது, வாங்கிடட்டுமா?" என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பத்துக்கு ஆறு அங்குலம், 8,192 அழுத்த நிலைகள் (பேனாவை அழுத்துவதற்கு ஏற்பக் கோடு தடிக்கும்), திரை இல்லாத மாடல். இதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். நான் 2020 டிசம்பரில் 5,800 கொடுத்து வாங்கினேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. வேலை அக்கவுண்ட்ஸில். சின்ன வயதில் தாத்தா வீட்டில் பைண்டு பண்ணி வைத்திருந்த தொடர்கதைகளை எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே படத்துக்காகப் புரட்டிய ஆள் நான். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போன வரைகிற கையை மீட்க வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன்.

முதலில் அந்த போர்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீட்டில் மேசை ஒன்றுதான். சாப்பாடும் அதில்தான், மகளின் வீட்டுப்பாடமும் அதில்தான், மாமியார் கீரை ஆய்வதும் அதில்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் அது என் கைக்கு வரும். துடைத்து, லேப்டாப்பை வைத்து, டேப்லெட்டை எடுத்து, வயரைச் சொருகி, வரைந்து, பதினொன்றேகாலுக்கு எல்லாவற்றையும் கழற்றி பீரோ மேல் வைக்க வேண்டும். நாலு வருஷமாகக் கிட்டத்தட்ட தினமும் இப்படித்தான். இரண்டாவது வருஷமே மைக்ரோ யூஎஸ்பி ஆட ஆரம்பித்தது. வயரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் வேலை செய்யும், விட்டால் நிற்கும். ஒரு முகத்தின் தாடைக்கோட்டை இழுத்துக்கொண்டு வரும்போது பாதியில் பேனா செத்துப்போகும். வயருக்கு அடியில் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்து ஒரு வருஷம் ஓட்டினேன். சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு போர்ட் மட்டும் மாற்றமாட்டோம், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட் தம்பி மூடியைக் கழற்றி லென்ஸ் வழியாகக் காட்டினார். போர்ட்டின் தகரக் கூட்டைப் போர்டோடு பிடித்திருப்பது எள்ளு அளவு ஈயப் பற்று நாலு மட்டும். அதில் இரண்டு பெயர்ந்துவிட்டன. "தினமும் புடுங்கிப் புடுங்கிச் சொருகுறீங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருபது நிமிஷத்தில் புதுசு வைத்து, சுற்றிலும் பசை ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தனி மேசை உள்ள ஆளை மனதில் வைத்துச் செய்த பொருள் இது. ஒருமுறை சொருகினால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். வீடு உறங்கின பிறகு எடுத்து விரித்து, விடியுமுன் சுருட்டி வைக்கிறவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒருநாள் போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். மேசையைத் துடைப்பதில் தொடங்கி முதல் கோடு விழுவதற்குப் பதினோரு நிமிஷம். கையில் இருப்பது ஒரு மணி நேரம். மகள் இருமினாலோ, மறுநாள் ஜிஎஸ்டி கடைசித் தேதி என்றாலோ அது அரை மணி. விண்டோஸ் அப்டேட் ஆன இரவுகளில் அதுவும் கிடையாது. பேனாவின் அழுத்தம் போய், எல்லாக் கோடும் ஒரே தடிமனாக விழும். நான் வரைகிற சாஃப்ட்வேரான கிருத்தாவின் டேப்லெட் செட்டிங்ஸில், பேனா சொல்வதை வாங்கிக்கொள்ள விண்டாப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழி இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி, மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று இரவு போனது.

இன்னொன்று. புதிதாக வாங்குகிறவர்கள் டிரைவரில் (டேப்லெட்டுக்காக லேப்டாப்பில் போடுகிற சாஃப்ட்வேர்) திரையின் விகிதத்தையும் டேப்லெட்டின் விகிதத்தையும் முதல் நாளே ஒன்றாக்கிவிடுங்கள். எனக்கு அது தெரியாமல் இரண்டு மாசம் நான் போட்ட வட்டமெல்லாம் முட்டையாக வந்தது. கை போய்விட்டது, இனி வராது என்று ஒருநாள் அழுதுகூட இருக்கிறேன். டேப்லெட் 10க்கு 6, என் திரை 16க்கு 9. நீளமும் உயரமும் வேறு வேறு அளவில் இழுபடுகின்றன. தப்பு என் கையில் இல்லவே இல்லை.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பேனாவுக்கு பேட்டரி கிடையாது. டேப்லெட்டின் அடியில் இருக்கும் கம்பி வலை காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதில் அதிர்ந்து பதில் சொல்கிறது. அதனால் சார்ஜ் போட மறந்தோம் என்ற பேச்சே இல்லை. பத்து நாள் கழித்து எடுத்தாலும் தயாராக இருக்கும். நாலு வருஷத்தில் மூன்று முறை கீழே விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. மே மாசப் புழுக்கத்தில் உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும். அதற்காக டேப்லெட் மேலே ஒரு ஏ4 தாளை ஒட்டிக்கொள்கிறேன், சிக்னல் தாளைத் தாண்டி வந்துவிடும். உண்மையான தாளில் வரைகிற உரசலும் கிடைக்கும். நிப்தான் சீக்கிரம் தேயும்.

ஆனால் நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. திரை இல்லாத டேப்லெட்டில் கை ஓர் இடத்தில், கண் ஓர் இடத்தில். முதல் மூன்று மாசம் நரக வேதனை. அப்புறம் கை தன் போக்கில் நடக்கப் பழகிவிட்டது. அது பழகியதே எனக்குத் தெரியாது, ஒருநாள் தாம்பரம் ரயிலில் தெரிந்தது. எதிர் சீட்டில் ஒரு அம்மா மல்லி தொடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்றுச் சுற்றி, சுண்டுவிரலால் இழுத்து இறுக்கி, அடுத்த நாலு பூ. பையில் இருந்த சின்ன நோட்டை எடுத்தேன். அவர் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கிண்டியில் இறங்கும்போதுதான் நோட்டைப் பார்த்தேன். கோடு அங்கங்கே விலகியிருந்தது, ஆனால் சுண்டுவிரல் நாரை இழுக்கிற அந்த விசை தாளில் இருந்தது. முன்பெல்லாம் ஒரு கண் ஆளையும் ஒரு கண் தாளையும் பார்த்து, நடுவில் பாதியை மறந்து, மீதியை மனசுக்குள் பதிந்திருக்கும் ஏதோ ஒரு கையின் படத்தை வைத்து நிரப்பிவிடுவேன். இப்போது எதிரே இருப்பதைப் பார்க்கிறேன். ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து வரைந்தார் என்று படித்தபோது, போட்டோ பார்த்து வரையக்கூடாதா என்று தோன்றியிருக்கிறது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை.

இந்தக் கண்ணை எனக்குக் கொடுத்தது இந்த டேப்லெட்தான். அதில் சந்தேகமே இல்லை.

அப்படியும் சொல்கிறேன், வாங்காதே. 3,900க்கும் வேண்டாம். உனக்கும் வீட்டில் ஒரு மேசைதான், உன் பையனுக்கு இரண்டு வயது. உனக்குக் கிடைக்கப்போவது ராத்திரி அரை மணி நேரம், அதில் பதினோரு நிமிஷத்தை இதற்குக் கொடுக்காதே. ஒரு கோடில்லாத நோட்டும், தண்ணீர் பட்டாலும் கலையாத மை பேனா ஒன்றும் வாங்கிக்கொள். குழந்தை தூங்கும்போது அவன் காதை வரை. தாளைப் பார்க்காமல் வரை. மேசை என்று ஒன்று உனக்கே உனக்காக வந்த பிறகு இதைப் பற்றிப் பேசலாம்.

கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால், வாங்கிய அன்றே எல் வடிவ வயர் ஒன்று வாங்கி டேப்லெட் பக்கம் சொருகி, மேலே டேப் போட்டு ஒட்டிவிடு. அந்தப் பக்கம் எப்போதும் கழற்றாதே, லேப்டாப் பக்கம் மட்டும் பிடுங்கு. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். வயரைச் சுற்றி வைக்க ஒரு பழைய தலையணை உறையும் தைத்து வைத்திருக்கிறேன். பெட்டியில் வந்த எட்டு நிப்பில் இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது.