பழைய ஆம்போடெரிசினா, லிப்போசோமலா?

எச்.ஐ.வி. உள்ளவருக்கு கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வந்தால் வீட்டார் தவித்துப்போய்க் கேட்பது, எந்த ஊசி என்றுதான். ஆம்போடெரிசின் பூஞ்சையைக் கொல்லும் மருந்து. லிப்போசோமல் என்பது அதையே நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த புது வடிவம்.

ஊசி: பழையது தினமும், 7 நாள். லிப்போசோமல் ஒரே டோஸ், கிலோவுக்கு 10 மி.கி.

விலை: பழையது மலிவு. மற்றது கையைக் கடிக்கும்.

ரத்தம்: பெரிய வித்தியாசமே இங்கேதான். 2022-இல் வெளியான, 5 ஆப்பிரிக்க நாடுகளில் இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆம்பிஷன் ஆய்வில், பழையதில் ஹீமோகுளோபின் ஒரே வாரத்தில் சராசரியாக 1.9 கிராம் இறங்கியது, லிப்போசோமலில் 0.3 தான். உயிர் காப்பதிலும் ஒற்றை டோஸ் பின்தங்கவில்லை.

பழையதில் ஊசி ஏற்றிய நரம்பு வீங்கி வலிக்கும், நடுக்கமும் வரும். பார்க்கவே மனசு தாங்காது.

ஏற்கெனவே ரத்தசோகை என்றால் லிப்போசோமலையே கேளுங்கள். கிடைக்கவில்லையா? காத்திருக்காமல் பழையதைத் தொடங்கச் சொல்லுங்கள். சலைன், பொட்டாசியம், ரத்தப் பரிசோதனை ஒருநாளும் தவறக்கூடாது. எதுவானாலும் கூடவே ஃப்ளூசைட்டோசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை வேண்டும்.