ஒலுவில் துறைமுகம்: கல்லா, மணலா, மூடிவிடுவதா?

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகத்துக்குத் தெற்கே கரையில் இறங்கினால் நடந்து நடந்து கால் ஓய்ந்துவிடும், அவ்வளவு மணல். வடக்கே போனால் கடல் அரித்த கரை, தென்னை நின்ற இடத்தில் தண்ணீர், அரிப்பை மறிக்கக் கொட்டிய பாறாங்கற்கள். இரண்டுக்கும் நடுவில் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன அலைதடுப்புச் சுவர்கள்.

துறைமுகங்களைப் பசுமையாக்குவது என்று பேச்சு வந்தால், சூரியத் தகடு, மின்சாரத்தில் ஓடும் பாரந்தூக்கி, கரைக்கு வந்த கப்பல் எஞ்சினை நிறுத்திவிட்டு ஊர் மின்சாரத்தை எடுப்பது என்று பேச்சு போகும். கொழும்புக்கு அதெல்லாம் சரி. அம்பாறைக் கரையில் முதல் கேள்வி மணல்தான். அதைத் தீர்க்காமல் விளக்குக் கம்பத்தில் சூரியத் தகடு பொருத்தி ஒரு பயனும் இல்லை.

எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் 1990களில் துறைமுக அமைச்சராக இருந்தபோதே பேசப்பட்ட கனவு இது. டென்மார்க் கடனுதவியோடு 2008 இல் கட்டத் தொடங்கி 2013 இல் திறந்தார்கள். வணிகக் கப்பலுக்கு ஒரு பக்கம், மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பக்கம். கப்பல் வரவில்லை. மீன்பிடிப் பக்கமும் வாயில் மணல் அடைத்ததால் நின்று நின்றுதான் இயங்கியது. வடக்கே ஒலுவில் காணிகளைக் கடல் எடுத்தது, நிந்தவூர்ப் பக்கமும் அரிப்புப் போனது.

ஏன் இப்படி ஆனது என்பதை வயல்காரனுக்குச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எங்கள் கரையில் அலை நேராக வந்து அடிப்பதில்லை, சரிந்து அடிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் மணல் கொஞ்சம் நகர்கிறது. வருடக் கணக்கை எடுத்தால் வடக்குப் பக்கம் போவதுதான் கூட. கரையோரம் ஒரு மணல் வாய்க்கால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாய்க்காலுக்குக் குறுக்கே வரம்பு கட்டினால் மேல்வயல் நிரம்பும், கீழ்வயல் காயும். அலைதடுப்புதான் அந்த வரம்பு. தெற்கு நிரம்பிய பிறகு கொஞ்ச மணல் சுவரின் நுனியைச் சுற்றி வரும், ஆனால் வந்து முதலில் துறைமுக வாயைத்தான் அடைக்கும்.

இனி என்ன செய்வது? ஊரில் மூன்று பேச்சு உண்டு.

முதல் பேச்சு, கல் போடுவது. இதைக் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாடைக்காற்று காலத்தில் வீட்டு வேலிக்கு அலை வந்தவனிடம் போய் ஐந்து வருடத் திட்டம் பேச முடியாது. லொறியில் கல் வந்தால் அன்றைக்கே ஒரு தெம்பு வரும். ஆனால் கல் மணலை உண்டாக்காது. தனக்குப் பின்னால் இருக்கிற நிலத்தைக் காக்கும், தனக்கு முன்னால் இருக்கிற கரையை இழக்கும், கல் முடிகிற இடத்திலிருந்து அரிப்பை அடுத்தவன் காணிக்குத் தள்ளும். வங்கக் கடலின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. அங்கே கல் போட, அரிப்பு இன்னும் வடக்கே போனது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகம் வந்தது, நகரத்துக் கடற்கரை போய்க் கல் மட்டும் மிஞ்சியது. அங்கும் மணல் ஓட்டம் எங்களைப் போலவே தெற்கிலிருந்து வடக்கு.

கல்லால் வருகிற இன்னொரு இழப்பைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. கரைவலை இழுக்க வெறும் மணற்கரை வேண்டும். பாறாங்கல்லுக்கு மேலே வலையை இழுக்க முடியாது, தோணியையும் ஃபைபர் போட்டையும் ஏற்றிவைக்க முடியாது. காணியைக் காப்பாற்றப் போட்ட கல் பக்கத்து மீனவர் வாடியின் தொழிலை எடுத்துவிடும். கடலாமை முட்டையிட ஏறுகிற கரையும் அதோடு போய்விடும்.

இரண்டாவது பேச்சு, மணலைத் தூக்கி வடக்கே கொடுப்பது. வரம்பு கட்டியாகிவிட்டது, சரி, அப்போ தண்ணீரை நாமே இறைத்துக் கீழ்வயலுக்கு விடுவோம் என்கிற மாதிரி. இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 1986 முதல் கடலுக்குள் நீட்டிய மேடையில் பம்புகளை வைத்து ஒரு பக்கத்து மணலை மறு பக்கத்துக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். அதற்குத் தெற்கே ட்வீட் ஆற்று முகத்துவாரத்திலும் 2001 முதல் அப்படித்தான், அங்கே கரையோரம் நகரும் மணல் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கனமீற்றர். அவ்வளவு பெரிய நிலையான பம்பு மேடை ஒலுவிலுக்குப் பொருந்தாது, மின்சாரச் செலவும் பராமரிப்பும் தாங்காது. எங்களுக்கு வருடா வருடம் வரும் மணல் அகழும் கப்பலும் வடக்கே நீளும் குழாயும் போதும். வேலையைக் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் தொடங்கி, வாடை எழுவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு முக்கியமான காரணம் ஒன்று. வாயைத் தோண்டு என்று கேட்பவர்கள் மீனவர்கள். தோண்டினால் அரிப்புக் கூடும் என்று பயப்படுபவர்கள் காணிக்காரர்கள். ஊர்க் கூட்டங்களில் இருவரும் எதிரெதிரே உட்கார்கிறார்கள். ஆனால் வாயில் தோண்டிய மணல் வடகரையில் விழுந்தால் படகும் வெளியே போகும், காணியும் நிற்கும். ஒரே மணல் இரண்டு பேரின் நோயையும் தீர்க்கும். சண்டை வருவது அந்த மணல் வேறெங்கோ போகும்போதுதான். கட்டுமானத்துக்கென்று விற்றாலும், ஆழ்கடலில் கொட்டினாலும், வாய்க்கால் தண்ணீரை பவுசரில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பியதற்குச் சமம்.

குறையும் உண்டு. இது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை அல்ல. துறைமுகம் இருக்கும் வரை ஒவ்வொரு வருடமும் செலவு உண்டு, ஒரு வருடம் பணம் இல்லையென்று விட்டால் அடுத்த வாடையில் தெரிந்துவிடும். கல்லுக்குத் திறப்பு விழா வைக்கலாம், மணலுக்கு வைக்க முடியாது. அதனால்தான் அரசியல்வாதிகளுக்குக் கல் பிடிக்கிறது என்று வாப்பா சொல்வார், அதில் உண்மை இருக்கிறது. கொட்டிய மணலைப் பிடித்து வைக்க அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நட வேண்டும். சவுக்கை வரிசையாக நட்டுவிட்டுப் போவதைவிட அது நல்லது, சவுக்கின் அடியில் கொடி வளராது.

மூன்றாவது பேச்சு, துறைமுகத்தையே மூடிவிடுவது. காணி இழந்தவர்களின் கோபத்திலிருந்து வருகிற பேச்சு, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எதை மூடுவது? படலையைப் பூட்டினால் அலைதடுப்பு அங்கேயேதான் கிடக்கும், மணலை மறித்துக்கொண்டேதான் இருக்கும். தோண்டாமலும் அகற்றாமலும் விடுவதுதான் மூன்றிலும் மோசம்: மீனவனுக்கும் இல்லை, விவசாயிக்கும் இல்லை. உண்மையாக மூடுவதென்றால் கடலுக்குள் போட்ட கல்லைத் திரும்ப எடுக்க வேண்டும், கட்டிய செலவில் ஒரு பங்கை மறுபடி செலவழிக்க வேண்டும், எடுத்த பிறகும் வடகரை மீள வருடங்கள் பிடிக்கும். பலநாள் படகு வைத்திருப்பவர்கள் வடக்கே வாழைச்சேனைக்குத்தான் ஓட வேண்டும்.

வாழைச்சேனையைச் சொல்லும்போது அதையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்து அந்தத் துறைமுகம் திறந்த கடலை மறித்துக் கட்டியது அல்ல, களப்புக்குள்ளே இருக்கிறது. ஒலுவிலைப் போல அலைதடுப்பை நீட்டிக் கரையோர மணலை மறிக்கவில்லை என்பதால் நல்ல மாதிரி என்று பலர் சொல்கிறார்கள். நானும் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, களப்பு அசையாத தண்ணீர். கடலில் சிந்திய டீசல் அலையோடு சிதறிப் போகும், களப்பில் சிந்தியது கண்டல் வேரிலும் இறால் குஞ்சு வளரும் சேற்றிலும் தங்கும். அங்கே பசுமை என்றால் கழிவு எண்ணெயை வாங்கி வைக்கும் தொட்டி, படகு கழுவிய தண்ணீருக்கு வடிகட்டி, கிழிந்த வலைக்கும் பொலித்தீனுக்கும் சேகரிப்பு இடம், கண்டலை வெட்டாமல் காப்பது. ஒலுவிலுக்கும் இவை வேண்டும். 2020 செப்டம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் கப்பல் சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு எரிந்ததை நாங்கள் பார்த்தவர்கள். எண்ணெய் பரவாமல் மறிக்கும் மிதவைகள் இந்தக் கரையிலேயே ஒரு களஞ்சியத்தில் இருக்க வேண்டும்.

என் தெரிவு மணல். கல் வேண்டும்தான், வீடும் வீதியும் உடனே போகப்போகிற சில இடங்களுக்கு மட்டும், மணல் வரும் வரைக்கும். வயலில் தண்ணீர் பங்கிட வட்டவிதானை இருப்பதுபோல இந்த மணலுக்கும் ஒரு குழு வேண்டும். அதில் கரைவலை முதலாளியான சம்மாட்டியும், பலநாள் படகுக்காரரும், வடகரைக் காணிக்காரரும், கரையோரம் பேணல் திணைக்கள அதிகாரியும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கரையை மாதா மாதம் அளந்து கொடுக்க மாணவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு வேலை கிடைக்காது.

அடுத்த தடவை அகழும் வேலைக்கு விலைமனுக் கோரும்போது, தோண்டும் இடத்தோடு கொட்டும் இடத்தையும் அதில் எழுத வேண்டும். தோண்டிய கணக்குக்கு அல்ல, வடகரையில் விழுந்து அளந்து காட்டிய ஒவ்வொரு கனமீற்றருக்கும்தான் பணம் என்று எழுத வேண்டும்.