16 ஜி.பி.க்குள் ஐந்து குடித்தனம்: ப்ராக்ஸ்மாக்ஸ் வி.இ. பற்றி

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு மாடத்தில் 16 ஜி.பி. நினைவகம் கொண்ட சிறு கணினி ஒன்று ஓராண்டாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நிறுவியிருப்பது ப்ராக்ஸ்மாக்ஸ் வி.இ.; வியன்னாவிலிருந்து 2008 முதல் வெளிவரும், டெபியன் லினக்ஸின் மேல் அமைந்த, ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மெய்நிகராக்க மென்பொருள். பெட்டியில் ரேமுக்கு ஒரே ஸ்லாட் என்பதால் இருப்பதைத்தான் பங்கிட்டாக வேண்டும். அந்தப் பங்கீட்டுக்கு இந்த மென்பொருள் எவ்வளவு கைகொடுக்கிறது என்பதே என் அக்கறை.

எங்கள் பக்கம் நகரத்தார் வீடுகளில் மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைப்பது' உண்டு. ஒரே வளவுக்குள் இருந்தாலும் அடுப்பு தனி, ஆண்டுக்கான அரிசி பருப்பும் அளந்து கொடுக்கப்படும். மெய்நிகர் கணினியும் அப்படி வேறு வைத்த குடித்தனம்தான். ஆனால் குதிரில் இருப்பதைவிட அதிகமாக அளந்து கொடுத்தாலும் ப்ராக்ஸ்மாக்ஸ் தடுப்பதில்லை. கேட்ட கணினியைத் தொடங்கிவிடும், ஏனெனில் உள்ளே இருப்பவர் உண்மையில் தொடும்போதுதான் நினைவகம் செலவாகிறது.

அந்தத் தாராளத்தை நம்பி, கடைக் கணக்குக்கான விண்டோஸ் 11க்கு 6, கோப்புகளைச் சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுடுக்கு 4, வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டென்டுக்கு 2, படம் பாட்டுக்கான ஜெல்லிஃபினுக்கு 2, விளம்பரம் தடுக்கும் பை-ஹோலுக்கு 1 என 15 ஜி.பி.யைப் பிரித்தேன். ஒருநாள் மாலை பற்று வரவு பதிந்துகொண்டிருக்கையில் விண்டோஸ் திரை அப்படியே மறைந்துபோயிற்று. பதிவேட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியும், கொல்லப்பட்ட செயல்முறையாக, மெய்நிகர் கணினியை ஓட்டும் 'கே.வி.எம்.' என்ற பெயரும் இருந்தன. நெருக்கடியில் லினக்ஸ் பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருப்பவரைத்தான் வெளியேற்றும் என்பதால், இருந்தவற்றிலேயே பெரிய விண்டோஸ் பலியானது.

தவறு என்னுடையதே. பழைய நிறுவல் கோப்பைப் பயன்படுத்தியிருந்தேன், அதில் இசட்.எஃப்.எஸ். கோப்பு முறை வட்டில் படித்ததை வைத்துக்கொள்ளும் 'ஆர்க்' என்னும் இடைத்தேக்கம் மொத்த ரேமில் பாதி, அதாவது 8 ஜி.பி. வரை எடுத்துக்கொள்ளலாம். கேட்டால் திருப்பித் தரும்தான், ஆனால் அவசரத்துக்கு உதவும் வேகத்தில் அல்ல. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 பதிப்பு முதல் புதிதாக நிறுவுவோருக்கு இந்த வரம்பு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. பழைய நிறுவலை மேம்படுத்தியவர்கள் தாமே வரம்பிட வேண்டும். நான் 2147483648 பைட், அதாவது 2 ஜி.பி. என்று எழுதி மறுதொடக்கம் செய்தேன்.

அடுத்தது 'பலூனிங்'. நினைவகப் பகுதியின் மேம்பட்ட அமைப்பில் உச்ச அளவோடு குறைந்தபட்ச அளவையும் குறிக்கலாம். புரவலன் கணினியின், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் பெட்டியின், நினைவகப் பயன்பாடு 80 விழுக்காட்டைத் தொடும்போது, உள்ளிருக்கும் பலூன் ஊதி, அந்தந்தக் கணினியிடமிருந்து நினைவகத்தைத் திரும்பப் பெறும். விண்டோஸுக்கு 6 உச்சம், 4 குறைந்தபட்சம் என வைத்தேன். மெய்நிகர் வன்பொருளுக்கான விர்ட்ஐஓ இயக்கிகளை நிறுவாதவரை விண்டோஸில் இது வேலை செய்யாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிராபிக்ஸ் அட்டை போன்ற வன்பொருளை நேரடியாக ஒரு கணினிக்குக் கொடுத்துவிட்டால், அதற்குரிய நினைவகம் முழுவதும் பூட்டப்பட்டுவிடும். அங்கே பலூனால் பயனில்லை.

ஒரே உள்ளடக்கம் கொண்ட நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கும் கே.எஸ்.எம். வசதி இருந்தும், வெவ்வேறு இயங்குதளங்கள் ஓடும் என் பெட்டியில் அதனால் மிச்சமானது சொல்லும்படியாக இல்லை.

உண்மையில் மூச்சு விட இடம் கொடுத்தது எல்.எக்ஸ்.சி. கொள்கலன்தான். பை-ஹோல், ஜெல்லிஃபின், நெக்ஸ்ட்கிளவுட் மூன்றையும் அதற்கு மாற்றிவிட்டேன். அதில் இயங்குதளத்தின் கருவான கர்னல் தனியாகக் கிடையாது, புரவலனுடையதையே பகிர்ந்துகொள்ளும். வேறு வைக்காமல் ஒரே அடுப்பில் உண்பவர்கள் போல. குறித்துக் கொடுக்கும் எண் வெறும் உச்சவரம்பு, தேவையற்றபோது மீதி பொதுவில் கிடக்கும். 1 ஜி.பி. கொடுத்திருந்த பை-ஹோலுக்கு 512 எம்.பி. தாராளமாகப் போதுமாயிருக்கிறது. ஹோம் அசிஸ்டென்ட் தனக்கென ஒரு முழு இயங்குதளத்தோடு வருவதால் அதை மட்டும் 2 ஜி.பி.யோடு மெய்நிகர் கணினியாகவே விட்டுவைத்தேன்.

மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தது. சந்தா இல்லாதவருக்கு உள்நுழையும்போதெல்லாம் ஓர் அறிவிப்பு வரும். சரி என்று அழுத்திவிட்டுப் போகலாம். நினைவகம் குறைந்த வீட்டுப் பெட்டிக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன், தாளில் கூட்டிப் பார்த்துப் புரவலனுக்கென 2 ஜி.பி. ஒதுக்கி வைப்பவராக இருந்தால். குறைந்தது 8 ஜி.பி. கேட்கும் ட்ரூநாஸ் என்ற கோப்புச் சேமிப்பு இயங்குதளத்தையும் இதே பெட்டியில் ஏற்றலாமா என்று தம்பி கேட்கிறான். விண்டோஸை வெளியேற்றினால் ஒழிய முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.