மதில் ஓரத்துக்கு எது: தெற்றியா, காகிதப்பூவா, பிச்சியா?

மாசி பிறந்ததிலிருந்து ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இறங்கும் வரை குமரி மாவட்டத்து முற்றங்கள் பூத்துக் கிடக்கும். மதில் ஓரத்தில் என்ன நடலாம் என்ற பேச்சும் இந்த மாதங்களில்தான் சூடுபிடிக்கும். சுற்றிச் சுற்றி மூன்று செடிகளில் வந்து நிற்கும்: தெற்றி (வெளியூர்களில் இட்லிப்பூ), காகிதப்பூ, பிச்சி.

சிறிய மாவட்டம்தான், ஆனால் மண்ணும் மழையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் பக்கம் செம்மண்ணும் செம்பாறையும், மழையும் கூடுதல். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அதிகம். கடலோரத்தில் மணலும் உப்புக் காற்றும். மேற்கே மார்த்தாண்டத்தில் செழிப்பது கடலோர மணக்குடியிலும் அப்படியே வரும் என்று நம்பி நடக்கூடாது.

காகிதப்பூவைப் படத்தில் பார்த்தே பலர் வாங்கிவிடுகிறார்கள். நாம் ரசிக்கும் நிறம் பூவினுடையது அல்ல. பூவைச் சூழ்ந்த இலைகளுடையது. உள்ளே ஒளிந்திருக்கும் சிறிய வெள்ளைக் குழல்தான் பூ. அந்த இலைகள் நிறம் பிடிக்க நாள் முழுக்க வெயில் வேண்டும், வேர் கொஞ்சம் காயவும் வேண்டும். இரண்டு பருவமழையும் கொட்டும் மேற்குப் பகுதியில், ஜூன் முதல் டிசம்பர் வரை அது பெரும்பாலும் பச்சை முள்புதராகவே நிற்கும். தென்னை நிழல் விழும் விளையில் (தோட்டத்தில்) நடவே வேண்டாம். ஆனால் முட்டம் போன்ற கடலோர ஊர்களில் என் ஓட்டு காகிதப்பூவுக்குத்தான். உப்புக் காற்றையும் மணலையும் அதுபோல் தாங்கும் பூச்செடிகள் குறைவு. குழந்தைகள் ஓடும் வழியை விட்டுத் தள்ளி நட்டால் போதும்.

பிச்சியின் மணத்துக்கு மற்ற இரண்டும் ஈடாகாது. தோவாளைப் பூச்சந்தை இருக்கும் மாவட்டத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது உழைப்பைக் கேட்கும் கொடி. மொட்டை விடியற்காலையில் பறிக்க வேண்டும்; டிசம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் கொடி சிக்கலாகிப் பூ குறையும். வேர் அடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. வேலிக்கு இது ஒத்துவராது. அடுக்களை வாசலில் சிறு பந்தல் போட்டு ஒன்று வளர்க்கலாம்.

தெற்றி நம் மேற்குக் கரைக்கே உரிய செடி. புளிப்புத் தன்மையுள்ள செம்மண் அதற்கு மிகவும் பிடிக்கும், அடைமழையிலும் சோர்ந்துவிடாது. ஆண்டு முழுக்கக் கொஞ்சமாவது பூக்கும், பங்குனி வெயிலில் குலைகுலையாகச் சிவக்கும். பகவதிக்கு மாலை கட்டலாம். தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் தேடி வரும். பழுத்தால் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். ஒரு செடி இவ்வளவு தருவதைப் பார்த்த பிறகு, கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் வேறு எதையும் முதலில் சொல்ல எனக்கு மனம் வராது. வேலிக்கு நாட்டு ரகத்தை ஒன்றரை முதல் 2 அடி இடைவெளியில் நடுங்கள். சிற்றிலைக் குட்டை ரகம் நடைபாதை ஓரத்துக்கு மட்டும் பொருந்தும்.

தெற்றிக்கு ஒரே எதிரி சுண்ணாம்பு. புது மதிலிலிருந்து வழியும் சிமென்ட் தண்ணீர் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இளம் இலை வெளுத்து மஞ்சளாகும். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் நிறம் திரும்பும். மதிலை ஒட்டி நடாமல் ஓரடி தள்ளி நட்டு, சாணமும் இலைமக்கும் போட்டுவருவது அதைவிட நல்லது.

முற்றத்துக்கு இன்டர்லாக் கல் பதிப்பதாக இருந்தால், மதிலை ஒட்டி 2 அடி மண்ணை விட்டுவிடும்படி கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பதித்த பிறகு பெயர்த்துக் குழி தோண்டினால் அடியில் கிடைப்பது கல்தூள்தான். அதில் தெற்றி பிழைக்காது.