மீக்கடத்திப் பெட்டி வாங்கினோம்: காந்தம் மிதக்கிறது, கையேடுதான் தேறவில்லை

கல்லூரி ஆய்வகத்துக்கு இணையத்தில் வாங்கிய மீக்கடத்திச் செயல்விளக்கப் பெட்டி பற்றிச் சொல்கிறேன். நன்றாகக் குளிர்த்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்). விற்றவர் பெயர் வேண்டாம், இந்த வகைப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் ஒரே சாமான்தான்: ஒரு கறுப்பு ஒய்பிசிஓ வில்லை (யிட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்ஸிஜன் சேர்ந்த பீங்கான்), பிஸ்மத் சேர்ந்த இன்னொரு வகை மீக்கடத்தி வில்லை, சின்ன நியோடிமியம் காந்தம், பிளாஸ்டிக் இடுக்கி, மின்தடை அளக்கக் கம்பிகளும் வெப்பநிலை அளக்கத் தெர்மோகப்பிளும் ஒட்டிய இன்னொரு வில்லை, ஒரு கையேடு. திரவ நைட்ரஜனை நாம்தான் தேட வேண்டும். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற கால்நடை மையங்களுக்கு அது தவறாமல் வரும், அங்கே விசாரித்தால் யாரிடம் வாங்குவது என்று சொல்வார்கள்.

முதலில் நல்லது. காந்தம் மிதக்கிறது, சந்தேகமே இல்லை. தெர்மோகோல் கிண்ணத்தில் வில்லையை வைத்து நைட்ரஜனை ஊற்றி, கொதிப்பு அடங்கும் வரை பொறுத்து, காந்தத்தை இடுக்கியால் மேலே விட்டால் நிற்கிறது, சுண்டிவிட்டால் சுற்றுகிறது. மாணவர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்குப் பாடம் நடக்காது.

குறை கையேட்டில் இருக்கிறது. "92 கெல்வினுக்குக் கீழே மின்தடை மறையும்" என்று ஒரு வரி, மாய்ஸ்னர் விளைவுக்கு (மீக்கடத்தி காந்தப்புலத்தைத் தன்னுள்ளிருந்து வெளியே தள்ளுவது) ஒரு படம், அவ்வளவுதான். பீங்கான் ஏன் மின்சாரத்தைக் கடத்த வேண்டும் என்று ஒரு பையன் கேட்டால் அதில் பதிலே இல்லை. இந்தப் பொருளில் பார்க்க வேண்டிய விஷயமே அதுதான், அதாவது மாசூட்டல் (படிகத்தில் சில அணுக்களைக் கொஞ்சம் சேர்த்தோ மாற்றியோ அதன் மின்குணத்தை மாற்றுவது). அதை விட்டுவிட்டு மிதப்பதை மட்டும் காட்டினால் வித்தை காட்டிய மாதிரி ஆகிவிடும்.

ஒய்பிசிஓ அடுக்கடுக்கான படிகம். மின்சாரம் ஓடுவது தாமிரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த தளங்களில். ஒரு அலகுக்கு 6 ஆக்ஸிஜன் மட்டும் இருந்தால் அந்தத் தளங்களில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும், அண்டைத் தாமிர அணுக்களின் காந்தத் திசை (ஸ்பின்) எதிரெதிராக இருக்கும். அப்போது இந்தப் பொருள் மின்காப்பி. ஆக்ஸிஜனை மெல்லமெல்ல 7 பக்கம் ஏற்றினால், புதிதாக வருகிற அணுக்கள் தளத்தில் உட்காராமல் பக்கத்து அடுக்கில் தாமிரச் சங்கிலிகளாக வரிசை கட்டுகின்றன. அங்கிருந்தபடியே தளத்தின் எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்கின்றன, தளத்தில் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) உண்டாகின்றன, மீக்கடத்தல் வருகிறது. சுமார் 6.6 ஆக்ஸிஜனில் மாறுநிலை வெப்பநிலை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) 60 கெல்வினை ஒட்டித்தான் இருக்கும், 6.9க்கு மேல் போனால்தான் 90ஐத் தாண்டும். நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். அப்படியென்றால் ஆக்ஸிஜன் குறைந்த வில்லையை எவ்வளவு நைட்ரஜனில் முக்கினாலும் அது வெறும் கறுப்புக் கல்தான்.

இதைக் காட்டத்தான் ஒய்பிசிஓ வில்லை ஒன்றைத் தனியாக வாங்கினோம். உலையில் காற்றிலேயே 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று எடுத்துத் தாமிரத் தகட்டில் வைத்தோம். அந்தச் சூட்டில் ஆக்ஸிஜன் வெளியேறிவிடும், வேகமாக ஆறினால் திரும்ப உள்ளே போக நேரம் கிடைக்காது. ஓரத்தில் மெல்லிய விரிசல் விழுந்தது, பரவாயில்லை. நைட்ரஜனில் போட்டுப் பார்த்தால் காந்தம் அதன் மேல் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. பிறகு அதே வில்லையைக் குழாய் உலையில் ஆக்ஸிஜனை ஓடவிட்டு 450 டிகிரியில் இரவு முழுக்க வைத்து மெதுவாக ஆறவிட்டதும் மறுபடி மிதக்கவிட்டது. யிட்ரியம், பேரியம், தாமிரம் எதிலும் ஒரு அணுகூட மாறவில்லை, போய்வந்தது ஆக்ஸிஜன் மட்டும். வகுப்பில் இதைப் பார்த்தவர்களுக்கு நான் தனியாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிஸ்மத் வில்லை என்னைப் பெரிதாகக் கவரவில்லை. 110 கெல்வின் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், உண்மைதான், பிஸ்மத்தில் ஒரு பகுதிக்குப் பதில் ஈயம் சேர்த்தால் அந்த 110 கெல்வின் வகை எளிதாக உருவாகும். ஆனால் 77 கெல்வினில் காந்தக் கோடுகளைப் பிடித்து நிறுத்துகிற பலம் அதற்குக் குறைவு, காந்தம் தாழ்வாகத் தள்ளாடிக்கொண்டு மிதக்கிறது. மாறுநிலை வெப்பநிலை உயர்ந்தால் மிதப்பும் உயரும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் கவனிக்கவும்.

கம்பி ஒட்டிய வில்லை ஒரு மாதிரி. தெர்மோகப்பிளை ஓரத்தில் ஒட்டியிருப்பதால் குளிரும்போது ஒரு எண், சூடேறும்போது வேறு எண் காட்டுகிறது. கிண்ணத்தில் மணல் நிரப்பி மெதுவாகச் சூடேறவிட்டு அளந்தால் வித்தியாசம் குறைகிறது. கையேட்டில் இதுவும் இல்லை.

கொஞ்சம் வரலாறாவது போட்டிருக்கலாம். 1986இல் சூரிக் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ஸும் முல்லரும் லாந்தனம் தாமிர ஆக்ஸைடில் லாந்தனத்துக்குப் பதில் கொஞ்சம் பேரியம் சேர்த்துப் பார்த்ததில் தொடங்கியது இது. லாந்தனம் கொடுப்பது மூன்று எலக்ட்ரான், பேரியம் கொடுப்பது இரண்டு, அந்தக் குறையே துளை. அடுத்த ஆண்டே இருவருக்கும் நோபல். பால் சூ, மாவ்-குவென் வூ குழுக்கள் லாந்தனத்தின் இடத்தில் யிட்ரியத்தைக் கொண்டுவந்து 93 கெல்வினைத் தொட்டதும் அதே 1987இல்தான். அப்புறம் மாசூட்டுவதிலும் அளவு உண்டு: ஒரு தாமிர அணுவுக்கு ஏறத்தாழ 0.16 துளை என்பது உச்சம், அதைத் தாண்டினால் மாறுநிலை வெப்பநிலை இறங்கத் தொடங்கும். எந்த இடத்தில் மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். யிட்ரியத்தை எடுத்துவிட்டுக் காந்த அணுவான காடோலினியத்தை வைத்தால்கூடப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் தளத்துத் தாமிரத்தில் சில சதவீதத்தைத் துத்தநாகமாக மாற்றினால் போதும், நைட்ரஜனில் மிதக்காது. யிட்ரியத்தின் இடத்தில் முழுக்கப் பிரசியோடைமியம் போட்டால் மீக்கடத்தலே போய்விடும்.

வாங்கலாமா? துறை நிதியில் என்றால் தாராளமாக. சொந்தக் காசில் என்றால் பெட்டி வேண்டாம், ஒய்பிசிஓ வில்லை இரண்டும் ஒரு காந்தமும் மட்டும் வாங்குங்கள். உலை இருக்கிற கல்லூரிக்கு நான் சொல்வது தூளாக வாங்குவது: யிட்ரியம் ஆக்ஸைடு, பேரியம் கார்பனேட், தாமிர ஆக்ஸைடு, அரைத்துச் சுமார் 930 டிகிரியில் சுட்டு, மறுபடி அரைத்து அழுத்திச் சுட்டு, கடைசியில் ஆக்ஸிஜனில் ஆறவிட வேண்டும். பச்சை நிறம் தெரிந்தால் கலவை பிசகியிருக்கிறது, அது மீக்கடத்தாத வேறு சேர்மம். பேரியம் கார்பனேட் நஞ்சு, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடவிடாதீர்கள்.

வில்லையாக வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வெறுமனே சுட்டதா, உருக்கி வளர்த்ததா (உருக்கியது காந்தத்தை நன்றாகப் பிடிக்கும், விலையும் கூடுதல்), கடைசியாக ஆக்ஸிஜனில் பதப்படுத்தியதா. ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் பனி உருகி வில்லை நனையும், ஈரம் இதை அரிக்கும், அதனால் ஹேர் டிரையரில் உலர்த்திச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். பெட்டியோடு வருகிற பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், அது சரியாக மூடுவதே இல்லை.