தாவலா, அக்கார்டியனா, நீள்பக்கமா: ஒரு பணியாளர் பக்கத்தை முன்வைத்து

பணியாளர் மேலாண்மைச் செயலி ஒன்றில் ஒருவருக்கான பக்கத்தை வடிவமைக்கும் வேலை வந்தால், தனிவிவரம், சம்பளம், விடுப்பு, ஆவணங்கள் என்று நான்கு தாவல்களை (சொடுக்கினால் தனக்குரிய பகுதியை மட்டும் காட்டும் தலைப்புகளை) வரைந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. ஜேகுவெரி யூஐ என்ற ஆயத்த நிரல் தொகுப்பின் காலத்திலிருந்தே, 2011-இல் வெளியான பூட்ஸ்ட்ராப் என்ற தொகுப்புக்குப் பிறகு இன்னும் எளிதாக, தாவல் சில வரி நிரலில் கிடைத்துவிடுவதால், மாற்று வழி உண்டா என்று கேட்கும் பழக்கமே குறைந்துவிட்டது. மாற்று மூன்று உண்டு: பகுதிகளை மடித்து விரிக்கும் அக்கார்டியன், எல்லாவற்றையும் தலைப்புகளோடு வரிசையாகக் காட்டும் நீள்பக்கம், தாவல் போலத் தோன்றும் இணைப்புகளால் கோத்த தனித்தனிப் பக்கங்கள். இவற்றுள் நீள்பக்கத்தைத்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தாவல் இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் உள்ளடக்கத்தை மறைத்துத்தான் அதைச் செய்கிறது. மறைந்திருப்பதைப் பக்கத்துக்குள் தேடும் வசதி வழக்கமாகக் கண்டுபிடிக்காது, அச்சிட்டால் திறந்திருக்கும் தாவல் மட்டுமே தாளில் வரும், இரண்டு தாவல்களில் உள்ள எண்களை ஒப்பிட வேண்டியவர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றொன்றுக்குப் போக வேண்டும். விடுப்பு நாட்களையும் சம்பளப் பிடித்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கணக்குப் பிரிவினருக்கு இது அன்றாடத் தொல்லை. பிரிட்டன் அரசின் கவ்.யூகே வடிவமைப்பு வழிகாட்டியும், பயனர் தகவல்களை ஒப்பிடவோ வரிசையாகப் படிக்கவோ வேண்டிய இடத்தில் தாவலைத் தவிர்க்கச் சொல்கிறது. அதன் தாவல் கூறு சிறிய திரையில் உள்ளடக்கப் பட்டியலோடு கூடிய நீள்பக்கமாகவே மாறிவிடுகிறது.

படிக்கும் பக்கத்தில் தொல்லையாக இருப்பது, நிரப்பும் படிவத்தில் முடக்கமாகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு செயலியில், நீண்ட படிவம் ஒன்றை நான்கு தாவல்களாகப் பிரித்து, கீழே ஒரே ‘சேமி’ பொத்தானை வைத்திருந்தோம். மறைந்திருந்த இரண்டாம் தாவலில் கட்டாயப் புலம் ஒன்று காலியாக இருந்தபோது, பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. பிழையைக் காட்டுவதற்காகக் குரோம் அந்தப் புலத்துக்குப் போக முயல்கிறது. புலம் திரையில் இல்லாததால் போக முடியாமல், நிரலாளர் மட்டுமே பார்க்கும் கன்சோலில் ஒரு வரி எழுதிவிட்டுச் சமர்ப்பிப்பையும் நிறுத்திவிடுகிறது. திரையின் முன் அமர்ந்திருந்தவருக்கோ செயலி உறைந்துபோனதாகவே தோன்றியது.

தமிழில் இடைமுகம் அமைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்து தாவல்கள் அடங்கும் அகலத்தில் தமிழில் மூன்று அடங்கினாலே பெரிது. இடம் போதாதபோது பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் உள்ள, பெயரை வெட்டிப் புள்ளி வைக்கும் வழியை நாடினால், ‘பணியாளர் விவரங்கள்’, ‘பணியாளர் விடுப்பு’ இரண்டும் ‘பணியாளர் வி…’ என்றே நின்றுவிடும். வரிசையைப் பக்கவாட்டில் நகரவிட்டால், ஓரத்துக்கு வெளியே ஒரு தாவல் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகும். அக்கார்டியனில் ஒவ்வொரு தலைப்புக்கும் முழு அகலம் கிடைப்பதால் இந்தத் தொல்லை இல்லை. கைப்பேசியில் தமிழ் இடைமுகத்துக்கு அதைத் தாவலுக்கு மேலாகவே வைப்பேன்.

கட்டமைக்கும் செலவிலும் அக்கார்டியன் முந்துகிறது. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் ‘டீடெய்ல்ஸ்’ உறுப்பே மடிப்பையும் விரிப்பையும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இல்லாமல் செய்கிறது. ஒன்றைத் திறந்தால் மற்றது மூட வேண்டுமென்றால் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே ‘நேம்’ பண்பைக் கொடுத்தால் போதும்; இந்த வசதி 2023 டிசம்பரில் குரோம் 120-இலும் சஃபாரி 17.2-இலும், 2024 செப்டம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 130-இலும் வந்துவிட்டது. தாவலுக்கு இப்படி ஆயத்த உறுப்பு எச்டிஎம்எல்லில் இல்லை. 2014-இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையான, அணுகல்தன்மைக்கான வெய்-ஏரியா 1.0 வகுத்த ‘டேப்லிஸ்ட்’, ‘டேப்’, ‘டேப்பேனல்’ பங்குகளை (ஓர் உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று சொல்லும் குறிப்புகளை) நாமே இட வேண்டும். எது தேர்வாகியுள்ளது என்பதை, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானுக்கு அறிவிக்க வேண்டும். விசைப்பலகையின் டேப் விசை தேர்ந்த தாவலில் மட்டும் நின்றுவிட்டு அடுத்ததாக உள்ளடக்கத்துக்குப் போகும்படியும், தாவல்களுக்கிடையே அம்பு விசைகள் நகர்த்தும்படியும் எழுத வேண்டும். சுட்டியால் சொடுக்கினால் வேலை செய்கிறது என்பதோடு நிறுத்திவிட்டால், பார்வையற்ற பயனருக்கு நாம் கொடுத்திருப்பது பெயரில்லாத நான்கு பெட்டிகள்தான். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

தனிப் பக்கங்கள் என்ற வழிக்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் தலைப்பகுதி நல்ல சான்று. அங்கே ‘கட்டுரை’, ‘உரையாடல்’ என்பவை தாவல் போலத் தோன்றினாலும் உண்மையில் இரு பக்கங்களுக்கான இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருப்பதால் பிறருக்கு அனுப்பலாம், உலாவியின் பின்செல்லும் பொத்தானும் எதிர்பார்த்தபடி இயங்கும். இத்தகைய இணைப்புகளுக்கு ‘டேப்லிஸ்ட்’ பங்கைக் கொடுப்பது தவறு. சாதாரண வழிசெலுத்தல் பட்டியலே சரி.

உண்மையான தாவல் தோதாக அமையும் இடமும் உண்டு: ஒரே தரவைப் பட்டியலாகவும் வரைபடமாகவும் நாட்காட்டியாகவும் மாற்றிப் பார்க்கும் திரை. ஒரு நேரத்தில் ஒன்றே தேவை, பெயர்கள் குறுகியவை, மாற்றம் உடனடியாக நிகழும். அங்கேயும் ரியாக்ட் என்ற இடைமுக நிரல் தொகுப்பில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேர்வாகாத தாவலை நிபந்தனையால் நீக்கிவிட்டால், அதற்குள் பயனர் தட்டச்சிட்டிருந்த வடிகட்டியும் அழிந்துவிடும். அதேபோன்ற தொகுப்பான வியூவில் இதற்குக் ‘கீப்அலைவ்’ உண்டு. ரியாக்டில் 2025 அக்டோபரில் வந்த 19.2 பதிப்பின் ‘ஆக்டிவிட்டி’ கூறு, மறைந்த பகுதியின் நிலையைக் காத்துக்கொடுக்கிறது.

முடங்கிய அந்தப் படிவத்தின் தாவல்களை நாங்கள் பின்னர் எடுத்துவிட்டோம். நான்கு பகுதிகளையும் தலைப்புகளோடு ஒரே பக்கத்தில் அடுக்கி, இடப்புறத்தில் அந்தத் தலைப்புகளுக்கான இணைப்புகளை வைத்தோம். காலிப் புலம் இருந்தால் உலாவி இப்போது நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது; அதற்காக நாங்கள் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.